சொட்டு மிதந்தால் ரத்தம் கொடுக்கவே முடியாதா?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். வயது 26, எடை 47 கிலோ. ரத்ததான முகாமில் இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். விரலில் குத்தி எடுத்த ரத்தச் சொட்டு நீலத் தண்ணீரில் மிதக்கிறதாம். அத்தையோ, "மாசாமாசம் போறது பத்தாதா அம்மிணி, இதுல தானம் வேறயாக்கும்?" என்கிறார். நான் ரத்தம் கொடுக்கவே முடியாதா?

பதில்: கொடுக்கலாம். அதற்கு முன் உங்கள் ரத்தத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டியிருக்கிறது.

நீங்கள் பார்த்த அந்த நீலத் தண்ணீர் காப்பர் சல்பேட் கரைசல். 100 மில்லி ரத்தத்தில் ஹீமோகுளோபின் என்ற இரும்புள்ள சிவப்புப் பொருள் 12.5 கிராம் இருந்தால் சொட்டு 15 நொடிக்குள் அடியில் போய் உட்காரும். குறைந்தால் மிதக்கும், அவ்வளவுதான். எவ்வளவு குறைவு என்று அது சொல்லாது. பெண்களுக்கு 12 இருந்தாலே ரத்தசோகை இல்லை. தானத்துக்கு மட்டும் ஆண், பெண் இருவருக்கும் 12.5 வேண்டும். ஆக, உங்களுக்கு இருப்பது 12.3 ஆகவும் இருக்கலாம், 9 ஆகவும் இருக்கலாம். இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. இதை விளக்காமல் "ரத்தம் பத்தாது, போங்க" என்று அனுப்பிவிடுவதில் எனக்கு ரொம்ப வருத்தம். அப்படிப் போன பெண் அடுத்த முகாமில் வரிசைக்கே வருவதில்லை.

அதனால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஹீமோகுளோபின் அளவை எண்ணாகக் கேட்டு வாங்குங்கள். 12-க்குக் கீழே இருந்தால் டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை தருவார். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். அளவு ஏறிவிட்டது என்று உடனே நிறுத்திவிடாதீர்கள். உடம்பின் இரும்புச் சேமிப்பு நிரம்ப மேலும் சில மாதம் ஆகும். மாதவிடாய் ஏழு நாளைத் தாண்டினாலோ, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ அதையும் சொல்லுங்கள். ஓட்டையை அடைக்காமல் தண்ணீர் ஊற்றி என்ன பயன்?

அப்புறம், டீ. சாப்பிட்ட கையோடு குடிக்கிற டீ, உணவில் இருக்கும் இரும்பை உடம்பில் சேரவிடாது. மாத்திரைக்கும் அதே கதைதான். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். கம்பஞ்சோறும் முருங்கைக்கீரையும் சாப்பிடும் நாளில் கூடவே ஒரு நெல்லிக்காய் இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும்.

எடை பிரச்சினையே இல்லை. 45 கிலோ இருந்தால் 350 மில்லி எடுப்பார்கள். மாதவிடாய் நாட்களிலும் பாலூட்டும் காலத்திலும் பிரசவமாகி ஒரு வருடம் வரையிலும் கொடுக்கக் கூடாது.

அத்தையின் கவலையைத் தள்ளிவிடாதீர்கள், அதில் நியாயம் இருக்கிறது. 350 மில்லி ரத்தத்தோடு சுமார் 150 மில்லிகிராம் இரும்பும் போகிறது. நீர்ப்பகுதி ஓரிரு நாளில் ஊறிவிடும், இரும்பு ஊற மாதக்கணக்காகும். அதனால்தான் ஆண்களுக்கு மூன்று மாத இடைவெளி என்றால் பெண்களுக்கு நான்கு மாதம். இதை அவரிடம் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்கிறது 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு. பரிசோதனைக்குப் போகும்போது அத்தையையும் கூட்டிக்கொண்டு போய் அவருக்கும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.