வாசகர் கேள்வி–பதில்: சேவைச் சங்கத்தின் மாத மடலும் நிகழ்ச்சி அறிவிப்பும்

எங்கள் சேவைச் சங்கத்தின் மாத மடலைத் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. நான்கு பக்கம். உறுப்பினர்களே அதைப் படிப்பதில்லை. எதை மாற்றலாம்?

முதல் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். தலைவர் உரை, செயலாளர் உரை, மேடையில் பன்னிரண்டு பேர் வரிசையாக நிற்கும் படம் என்று இருந்தால் இரண்டாம் பக்கத்தை யாரும் புரட்ட மாட்டார்கள். வரப்போகும் நிகழ்ச்சிகளை முன்னுக்குக் கொண்டுவாருங்கள், நடந்து முடிந்தவை உள்ளே போகட்டும். தலைவர் உரை 100 சொற்களுக்குள் முடியட்டும். இதை அவரிடம் சொல்வது சங்கடம்தான், ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எத்தனை நாளைக்கு முன்னோக்கிப் போடுவது என்பதில்தான் பல மடல்கள் தவறுகின்றன. மாத மடல்தானே என்று அந்த மாத நிகழ்ச்சிகளை மட்டும் போடுவார்கள். மடல் 5ஆம் தேதி கைக்கு வரும், 3ஆம் தேதி நிகழ்ச்சி அதற்குள் முடிந்திருக்கும். அடுத்த ஆறு வாரங்களுக்கு முழு விவரமும், அதற்கப்பால் மூன்று மாதங்களுக்குத் தேதியும் தலைப்பும் மட்டும் போட்டால் இந்தச் சிக்கல் வராது.

ஒவ்வொரு அறிவிப்பிலும் கிழமை, தேதி, ஆண்டு, தொடங்கும் நேரம், முடியும் நேரம், இடம், எந்த வாசல் வழியே வர வேண்டும், யார் வரலாம், என்ன கொண்டுவர வேண்டும், கட்டணம் உண்டா, பதிவுக்குக் கடைசி நாள், பேச வேண்டியவரின் எண் ஆகியவை கட்டாயம் இருக்க வேண்டும். சங்கத்தைப் பற்றி எதுவுமே தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் ஒரு கேள்வி கேட்டாலும் அறிவிப்பில் ஏதோ விடுபட்டிருக்கிறது. சென்ற ஆண்டு அறிவிப்பைத் திருத்திப் போடும்போது தேதியை மாற்றிவிட்டுக் கிழமையை மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. அறிவிப்பில் சனி என்றும் காலண்டரில் ஞாயிறு என்றும் இருந்தால் பாதிப் பேர் ஒரு நாள் முன்னதாகவே வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் போவார்கள். ஆண்டு இல்லாத அறிவிப்பு இன்னும் மோசம். வாட்ஸ்அப்பில் அது அடுத்த ஆண்டும் சுற்றிக்கொண்டிருக்கும்.

நடந்த நிகழ்ச்சியைப் பற்றி எழுதும்போது ‘இனிதே நடைபெற்றது’ என்பதை அடித்துவிடுங்கள். என்ன செய்தோம், எத்தனை பேருக்கு, எவ்வளவு செலவு, இன்னும் என்ன பாக்கி என்ற நான்குக்கும் 150 சொற்கள் போதும்.

வாட்ஸ்அப் குழுவில் போஸ்டர் போட்டதும் நிறையப் பேர் கட்டைவிரலை உயர்த்துகிறார்கள். வருகிறவர்கள் மட்டும் குறைவு. ஏன்?

கட்டைவிரலுக்கு ‘பார்த்தேன்’ என்பதற்கு மேல் பொருள் இல்லை. பெயரையும் வரும் நேரத்தையும் தனிச் செய்தியாக அனுப்பச் சொல்லுங்கள், அதுதான் பதிவு. போஸ்டர் வெறும் படமாகப் போனால் அதிலுள்ள எண்ணைத் தொட்டு அழைக்க முடியாது, பத்து நாள் கழித்துத் தேடினாலும் கிடைக்காது. பார்வையற்றவரின் போன் அதை வாசித்துக் காட்டுவதும் கடினம். ஆகவே படத்தின் கீழ் முழு விவரத்தையும் எழுத்தாகப் போடுங்கள், இடத்தின் வரைபட இணைப்பையும் சேருங்கள்.

மூன்று வாரத்துக்கு முன், ஒரு வாரத்துக்கு முன், முந்தின நாள் மாலை என்று மூன்று முறை நினைவூட்டினால் போதும். முதலில் தேதியும் காரணமும், அடுத்து என்ன கொண்டுவர வேண்டும் என்பது, கடைசியில் நேரமும் வழியும். ஒரே போஸ்டரைத் தினமும் போட்டால் மூன்றாம் நாளே குழுவின் ஒலியை அணைத்துவிடுவார்கள்.

உலக ரத்ததானம் செய்வோர் நாளில் முகாம் நடத்தத் திட்டம். சென்ற முறை நெரிசலில் பலர் காத்திருந்து திரும்பிவிட்டார்கள். எப்படி ஏற்பாடு செய்வது?

ரத்த வகைகளைக் கண்டறிந்த கார்ல் லாண்ட்ஸ்டைனரின் பிறந்தநாளான ஜூன் 14 அது. நாள் நல்ல நாள்தான், ஆனால் எல்லாச் சங்கங்களும் அதே நாளைப் பிடித்துக்கொள்கின்றன. சிவப்பணுக்களை 2 முதல் 6 டிகிரி செல்சியஸில் 35 முதல் 42 நாட்கள் வரை வைத்திருக்கலாம். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் பொதுவாக 5 நாள்தான் தாங்கும். ஒரே நாளில் குவிகிற ரத்தத்தில் ஒரு பகுதி பயன்படாமலே போகக்கூடும். நீண்ட விடுமுறைகளிலும் தேர்வுக் காலத்திலும் கொடையாளர் வரத்து குறைந்து கையிருப்பு இறங்கும். ரத்த வங்கியிடம் “எந்த வாரம் உங்களுக்குத் தட்டுப்பாடு? ஒரே நாளில் அதிகபட்சம் எத்தனை யூனிட் எடுத்துக்கொள்வீர்கள்?” என்று கேட்டுவிட்டுத் தேதி குறியுங்கள். ஜூன் 14 அன்று பாராட்டுக் கூட்டத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

நெரிசலுக்கு வருவோம். ஊசி போட்டபின் ரத்தம் எடுத்து முடிய 8 முதல் 10 நிமிடம் ஆகும். கையைச் சுத்தம் செய்வது, முடிந்ததும் பஞ்சை அழுத்திப் பிடிப்பது, அடுத்தவருக்குப் படுக்கையைத் தயாராக்குவது எல்லாம் சேர்த்துப் படுக்கைக்கு 15 நிமிடம் என்று கணக்கிடுங்கள். 4 படுக்கை இருந்தால் மணிக்கு 16 பேர், நான்கு மணி நேரத்தில் 64 பேர். நீங்கள் 150 பேரைக் காலை 9 மணிக்கே வரச்சொன்னால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லவே வேண்டாம். அரை மணிக்கு 8 பேர் வீதம் நேரம் ஒதுக்குங்கள். வராமல் போகிறவர்களை ஈடுகட்ட அரை மணிக்கு ஒருவரை அல்லது இருவரைக் கூடுதலாகச் சேர்க்கலாம்.

படுக்கை காலியாகக் கிடக்க, வாசலில் வரிசை நீள்கிறதா? தடை முன்மேசையில் இருக்கிறது என்று அர்த்தம். படிவம் நிரப்புவது, எடை பார்ப்பது, ஹீமோகுளோபின் சோதிப்பது ஆகிய மூன்றையும் ஒரே மேசையில் வைக்காதீர்கள். படிவத்தை வரிசையில் நிற்கும்போதே நிரப்ப, எழுதும் அட்டையோடு பத்துப் பேனா கொடுத்தாலே பாதி நெரிசல் கரைந்துவிடும்.

அறிவிப்பில் இவற்றைப் போடுங்கள்: வெறும் வயிற்றோடு வர வேண்டாம்; வருமுன் அரை லிட்டர் தண்ணீர் குடியுங்கள்; முழங்கைக்கு மேல் சுலபமாக மடிக்கக்கூடிய சட்டை அணியுங்கள்; அடையாள அட்டையும் நீங்கள் சாப்பிடும் மருந்துகளின் பட்டியலும் கொண்டுவாருங்கள். அண்மையில் காய்ச்சல், பச்சை குத்தியது, நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து என்று இருப்பவர்களைத் தற்காலிகமாகத் திருப்பி அனுப்புவார்கள். வயது, எடை, ஒருமுறை கொடுத்தபின் மறுமுறை கொடுக்க வேண்டிய இடைவெளி பற்றிய விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடும் என்பதால் ரத்த வங்கி தரும் பட்டியலை அப்படியே அச்சிடுங்கள். நீங்களாகச் சுருக்க வேண்டாம்.

மயக்கம் பெரும்பாலும் எழுந்து நிற்கும்போதுதான் வரும். ஓய்வு நாற்காலிகளுக்கு அருகில் ஒருவர் முழுநேரமும் இருக்கட்டும். கொடுத்தவரைப் பத்து, பதினைந்து நிமிடம் அங்கேயே உட்காரவைத்துப் பழச்சாறு கொடுங்கள். சான்றிதழோடு படம் எடுக்கிறோம் என்று உடனே எழுப்பி நிறுத்துவதுதான் வினை. படம் பிறகு எடுக்கலாம்.

கண் பரிசோதனை முகாம் அறிவிப்பில் தனியாக எதைச் சேர்க்க வேண்டும்?

கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டால் நான்கு முதல் ஆறு மணி நேரம் வரை பார்வை மங்கும், வெளிச்சம் கூசும். ‘வாகனம் ஓட்டிக்கொண்டு வராதீர்கள், துணைக்கு ஒருவரை அழைத்து வாருங்கள்’ என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். பழைய மூக்குக்கண்ணாடியும் கொண்டுவரட்டும். பார்வை அட்டை 6 மீட்டர் தொலைவில் இருக்க வேண்டும். அறை சிறியதென்றால் 3 மீட்டரில் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்து அதில் தெரியும் பிம்பத்தைப் படிக்கவைக்கும் அட்டை கிடைக்கிறதா என்று மருத்துவக் குழுவிடம் கேளுங்கள். 1925இல் பார்வையும் செவித்திறனும் இழந்த எழுத்தாளர் ஹெலன் கெல்லர் நேரில் வந்து கேட்டுக்கொண்டதிலிருந்து லயன்ஸ் சங்கங்களின் அடையாளமே கண் சேவை. அதனால் அனுபவமுள்ள குழுக்களைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. முகாமுக்குப் பிந்தைய மடலில் வந்தவர்களின் எண்ணிக்கையோடு நிறுத்தாமல், அறுவை சிகிச்சைக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்களில் எத்தனை பேருக்கு அது முடிந்தது என்பதையும் எழுதுங்கள்.

‘500 மரக்கன்றுகள் நட்டோம்’ என்று செய்தி போட்டோம். ஓராண்டில் பெரும்பாலானவை பட்டுப்போயின. எங்கே தவறு?

தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கிற அளவுக்குத்தான் நட வேண்டும். 50 கன்று போதும் என்றால் 50 போதும். நீளம், அகலம், ஆழம் ஒவ்வொன்றும் 60 செ.மீ. வருமாறு குழியை ஒரு வாரம் முன்பே வெட்டி ஆறப்போடுங்கள். மழைக்காலத் தொடக்கத்தில் நடுங்கள்.

விழாக்களில் நடக்கும் ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். விருந்தினர் கையில் கன்றைக் கொடுக்கும்போது பிளாஸ்டிக் பை அப்படியே இருக்கும். படம் எடுத்து முடித்த அவசரத்தில் பையோடு குழியில் இறக்கி மண்ணைத் தள்ளிவிடுவார்கள். வேர் வெளியே போக வழியின்றி உள்ளேயே சுருண்டுகொள்ளும். பக்கவாட்டில் பிளேடால் கீறி, மண் கட்டி உடையாமல் பையை முழுதாக எடுத்தபின் நட வேண்டும். மழையில்லாத வாரங்களில் இரண்டு முறையாவது, கன்றுக்குப் பத்து லிட்டர் தண்ணீர் வேண்டும். மூன்று, ஆறு, பன்னிரண்டு மாதங்களில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று எண்ணி மடலில் போடுங்கள்.

நன்கொடையில் மீந்த பணத்தைச் சங்கத்தின் ஆண்டு விருந்துக்கு எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. உறுப்பினர் சந்தாவுக்கு ஒரு கணக்கு, பொதுமக்களிடம் திரட்டியதற்கு இன்னொரு கணக்கு. லயன்ஸ் விதிகளின்படி பொதுமக்களிடமிருந்து வந்த பணம் பொதுச் சேவைக்கே போக வேண்டும். வேறு சங்கமானாலும் இதைப் பின்பற்றுவதே நல்லது. வரவு செலவை அடுத்த இதழிலேயே வெளியிட்டுவிட்டால் கேள்விகள் எழாது.

ஒவ்வொரு ஜூலையிலும் பொறுப்பாளர்கள் மாறுகிறார்கள். மடல் இரண்டு மாதம் நின்றுவிடுகிறது.

ரோட்டரிக்கும் லயன்ஸுக்கும் ஆண்டு ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடிகிறது. பதவியேற்பு விழா பரபரப்பில் மடல் மறந்துபோவது இயல்பு. ஜூன் இதழிலேயே ஜூலை, ஆகஸ்ட் தேதிகளைப் போட்டுவிடுங்கள், அதற்குப் புதிய தலைவரை மே மாதமே உட்காரவைத்துப் பேச வேண்டியிருக்கும். மடலின் ஆசிரியருக்கு இரண்டாண்டுப் பொறுப்பும் உடன் ஒரு துணை ஆசிரியரும் இருக்கட்டும். மின்னஞ்சலும் படக் கோப்புகளும் சங்கத்தின் பெயரிலுள்ள கணக்கில் இருக்க வேண்டும். தனியாள் போனில் இருந்தால் அவர் போனை மாற்றுகிற அன்று பத்தாண்டுப் படங்களும் போய்விடும். வாட்ஸ்அப் குழுவுக்கு எப்போதும் குறைந்தது இரண்டு அட்மின்கள் வேண்டும்.