நெல் அறையைத் துணி அறை ஆக்கலாமா?

கேள்வி: எங்களுடையது பழைய ஓட்டு வீடு. முன்பு நெல் மூட்டை அடுக்கிய அறை சும்மா கிடக்கிறது. கிழக்கு மேற்காக 7 அடி, தெற்கு வடக்காக 8 அடி, வாசல் தெற்கில். மேற்கே வெளிச்சுவர், அதில் ஒரு சின்ன ஜன்னல். இதை உள்ளே போய்த் துணி எடுக்கிற வார்ட்ரோப் அறையாக்க ஆசை. மூன்று சுவரிலும் கதவு போட்டு அலமாரி அடித்துவிடலாம் என்கிறார் ஆசாரி. சரிவருமா?
வாசகி, பாபநாசம்

பதில்: தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் மூன்று சுவர் வேண்டாம். மேற்குச் சுவரை அப்படியே விட்டுவிடுங்கள், ஜன்னலை எதற்காகவும் அடைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் மழை பிடித்துக்கொண்டால் வெளிச்சுவர் ஊறும், அதை ஒட்டிப் பலகை அடித்துக் கதவையும் சாத்திவிட்டால் தை பிறந்து திறக்கும்போது புடவை மடிப்பெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருக்கும். சந்தேகமிருந்தால் மழை நாளில் ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவே நீர் முத்து கோத்திருந்தால் ஈரம் சுவரிலிருந்தே வருகிறது.

அளவுக்கு வருவோம். ஹேங்கரில் தொங்கவிட 2 அடி ஆழம் வேண்டும், மடித்து வைக்க ஒன்றேகால் அடி போதும். எதிரெதிராக 2 அடி அலமாரி அடித்தால் நடுவில் மிஞ்சுவது 3 அடி, அதற்குள் கதவும் திறந்து ஆளும் நின்று குனிந்து எடுப்பது பெரும்பாடு. கிழக்கில் கம்பி, வடக்கில் தட்டுகள் என்று ‘ட’ வடிவில் போடுங்கள். அறைக்கே கதவு இருக்கும்போது அலமாரிக்குத் தனிக் கதவு தேவையில்லை, தூசிக்குப் பருத்தித் திரை போதும், காற்றும் போகும்.

கம்பியை மேலே ஆறரை அடியிலும் கீழே மூன்றேகால் அடியிலும் இரண்டு அடுக்காகப் போட்டால் சட்டை, பேன்ட் எல்லாம் அடங்கிவிடும். நீளமான சுடிதாருக்கு ஓரத்தில் ஒற்றைக் கம்பி. அதற்கு முன்னால், இருக்கிற துணியையெல்லாம் கட்டிலில் கொட்டி மடிப்பது எவ்வளவு, தொங்குவது எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். படங்களில் வரும் அறைகள் கோட்டும் கவுனும் தொங்குவதற்காக அமைத்தவை, நம் வீட்டிலோ வேட்டி, புடவை, துண்டு, போர்வை என்று மடிக்கிற துணிதான் அதிகம்.

பழைய தரை என்பதால் கரையான் பயம் உண்டு. பலகை தரையில் படாமல் 4 அங்குலத்துக்குச் செங்கல் மேடை கட்டச் சொல்லுங்கள், கீழ்த்தட்டு மட்டும் கடப்பா கல்லாக இருக்கட்டும். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை மலிவுதான், ஆனால் ஈரம் பட்டால் உப்பிவிடும், வேண்டவே வேண்டாம்.

திருபுவனம் பட்டு வைத்திருப்பீர்கள். அதை ஹேங்கரில் மாட்டாதீர்கள், ஜரிகைக் கனத்தில் துணி தொய்ந்துவிடும். பழைய வேட்டியில் சுற்றித் தட்டில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்து வேறு இடத்தில் மடிப்பு விழுகிற மாதிரி மடியுங்கள். அந்துருண்டை ஜரிகையில் படவே கூடாது, கறுத்துவிடும்.

அப்புறம், அறைக் கதவு உள்பக்கம் திறப்பதாக இருந்தால் வெளிப்பக்கம் மாற்றச் சொல்லுங்கள். ஒரு மூலை மிச்சமாகும், ஆள் உயரக் கண்ணாடி வைத்துக்கொள்ளலாம்.