வழக்கில் பெயர் இல்லை. ரத்த மாதிரி மட்டும் போலீசிடம் இருக்கலாமா?

கேள்வி: குளச்சல் பக்கத்துக் கடற்கரைக் கிராமம் எனக்கு. விசைப்படகில் வேலை. 2024 அக்டோபரில் ஊரில் நடந்த அடிதடியில் கொலை முயற்சி வழக்குப் போட்டு என்னையும் கைது செய்தார்கள். ஸ்டேஷனில் கைரேகை, போட்டோ எடுத்தார்கள். பிறகு அரசு மருத்துவமனையில் ரத்தம் எடுத்து டி.என்.ஏ. பரிசோதனைக்கு அனுப்பினார்கள். குற்றப்பத்திரிகையில் என் பெயர் இல்லை. மற்ற நான்கு பேர் மேல் வழக்கு நடக்கிறது. வெளிநாட்டு வேலைக்கு முயற்சி செய்கிறேன். என் டி.என்.ஏ. விவரத்தை அழிக்கச் சொல்ல முடியுமா? இப்போது தம்பியையும் 'ரத்தம் கொடுத்துவிட்டுப் போ' என்று கூப்பிடுகிறார்கள். என்ன செய்வது?

பதில்: அழிக்கச் சொல்லும் உரிமை உங்களுக்குச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் கேட்காமல் தானாக நடக்கும் என்று இருந்துவிடாதீர்கள்.

2022 ஆகஸ்ட் 4 முதல் நடப்பில் இருப்பது குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம். கைரேகை, கருவிழிப் படம், ரத்தம் போன்ற உயிரியல் மாதிரி, அதன் ஆய்வு முடிவு எல்லாம் இதில் 'அளவீடுகள்' என்ற சொல்லுக்குள் வருகின்றன. தேசியக் குற்றப் பதிவுகள் பணியகம் இவற்றை 75 ஆண்டு வைத்திருக்கலாம். டி.என்.ஏ. வங்கிக்கென்று தனியாகக் கொண்டுவந்த மசோதாவை மத்திய அரசு 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுவிட்டது. அதனால் இந்தச் சட்டத்தின் 4(2) பிரிவைத்தான் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும்.

விசாரணை இன்றி விடுவிக்கப்பட்டவர், வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டவர், நிரபராதி என்று தீர்ப்பானவர் ஆகியோரின் பதிவுகளை, சட்டத் தீர்வுகள் எல்லாம் முடிந்த பின் அழிக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. வைத்திருக்க வேண்டுமென்றால் நீதிமன்றம் காரணத்தை எழுதி உத்தரவிட வேண்டும். இந்தச் சலுகை, சிறைத் தண்டனைக்குரிய குற்றம் எதிலும் இதற்கு முன் தண்டிக்கப்படாதவருக்கு மட்டுமே.

இந்தக் கடைசி நிபந்தனையில்தான் பலர் மாட்டுகிறார்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டு, கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டு வந்தவர்கள் நம் மாவட்டத்தில் ஏராளம். 'அபராதம்தானே' என்று மறந்தும் விடுவார்கள். ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவுக்கு ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. நீங்கள் உள்ளே இருந்தீர்களா என்பது கணக்கில்லை. அந்தக் குற்றத்துக்குச் சிறை விதிக்க முடியுமா என்பதே கணக்கு. அப்படி ஏதாவது பழைய வழக்கு இருந்தால் உங்கள் வக்கீலிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்த சிக்கல், 'சட்டத் தீர்வுகள் முடிந்த பின்' என்ற வரி. மற்ற நால்வர் மேல் சாட்சி விசாரணை நடக்கும்போது உங்களுக்கு எதிராக ஆதாரம் வந்தால், பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 358-வது பிரிவின் கீழ் நீதிமன்றம் உங்களையும் குற்றம் சாட்டப்பட்டவராகச் சேர்க்கலாம். அதைக் காட்டி 'வழக்கு முடியட்டும்' என்று போலீஸ் சொல்லும். இதற்காக மனுவைத் தள்ளிப்போட வேண்டாம் என்பது என் கருத்து. உங்கள் மேல் இன்று எந்த வழக்கும் இல்லை. என்றோ சேர்க்கலாம் என்ற ஊகத்துக்காக ஒருவரின் உடல் விவரத்தைப் பிடித்து வைப்பது சரியல்ல என்று வாதாட இடமிருக்கிறது.

முதலில் குற்றப்பத்திரிகைக்கும், அதைக் கோப்புக்கு எடுத்த உத்தரவுக்கும் நகல் மனு போட்டுச் சான்றிட்ட நகல் வாங்குங்கள். கொலை முயற்சி என்பதால் கோப்பு செஷன்ஸ் நீதிமன்றத்துக்குப் போயிருக்கும். எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு அங்கே போடுங்கள். கூடவே, நாகர்கோவில் எஸ்.பி. அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமை மனு அனுப்புங்கள். மாதிரி எந்தத் தேதியில் எந்த ஆய்வகத்துக்குப் போனது, தேசியப் பணியகத்தில் பதிவேற்றினார்களா என்று மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்.

அழிக்கக் கோரும் மனுவை, இந்தச் சட்டத்தின் 2022 விதிகளின்படி மாநிலத்தின் நோடல் அதிகாரிக்கு (இதற்கென்று அரசு நியமிக்கும் பொறுப்பு அதிகாரி) எழுத வேண்டும். வேறு குற்ற வழக்கோடு அந்தப் பதிவுக்குத் தொடர்பில்லை என்று சரிபார்த்து, அவர்தான் பணியகத்துக்குப் பரிந்துரைக்க வேண்டும். எஸ்.பி. வழியாக அனுப்பி, டி.ஜி.பி. அலுவலகத்துக்கும் ஒரு பிரதி போடுங்கள். ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் போகட்டும். குற்ற எண், சட்டப் பிரிவுகள், கைதான தேதி, மாதிரி எடுத்த தேதி எல்லாம் வேண்டும். கோரிக்கையில் 'டி.என்.ஏ. ரிப்போர்ட்டை அழிக்கவும்' என்று மட்டும் எழுதினால் ஓட்டை விழும். 'மீதமுள்ள ரத்த மாதிரி, அதிலிருந்து எடுத்த டி.என்.ஏ. விவரம், கைரேகை, புகைப்படம், இவற்றின் மின்னணுப் படிகள் அனைத்தையும்' என்று எழுதுங்கள். ஆய்வகம், காவல் நிலையம், பணியகம் என மூன்று இடத்தில் தனித்தனியாகக் கிடப்பவை இவை. நீதிமன்றக் கோப்பில் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட ஆய்வறிக்கையை மற்றவர்களின் வழக்கு முடியும் வரை யாரும் தொட முடியாது.

பதில் வராவிட்டாலும், மறுத்தாலும் மதுரைக் கிளை உயர் நீதிமன்றத்தில் அரசமைப்பு 226-வது பிரிவில் ரிட் போடலாம். அங்கே, தனக்கு எதிராகச் சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற அரசமைப்பு 20(3)-ஐ நம்ப வேண்டாம். ரேகை, கையெழுத்து மாதிரி கொடுப்பது தனக்கு எதிராகச் சாட்சி சொல்வதாகாது என்று 1961-லேயே, கதி காலு ஒகாத் வழக்கில், உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமை என்று நிலைநாட்டிய 2017 புட்டசாமி தீர்ப்பே உங்களுக்குத் துணை: சட்டம் இருக்க வேண்டும், தேவை இருக்க வேண்டும், தேவைக்கு மிஞ்சாமலும் இருக்க வேண்டும். தண்டிக்கப்படாதவர்களின் டி.என்.ஏ.வைக் காலவரையின்றி வைத்திருந்தது தவறு என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2008-ல் பிரிட்டனுக்கு எதிராகத் தீர்ப்பளித்திருக்கிறது. நம்மைக் கட்டுப்படுத்தாது, ஆனாலும் எடுத்துக்காட்டலாம்.

இன்னொரு வாதமும் உண்டு. பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றமோ, 'ஏழு ஆண்டுக்குக் குறையாத' சிறைக்குரிய குற்றமோ அல்லாத வழக்கில் கைதானவர், உயிரியல் மாதிரி கொடுக்க மறுக்கலாம் என்கிறது அடையாளம் காணல் சட்டத்தின் 3-வது பிரிவு. 'பத்து ஆண்டுக்குக் குறையாத' என்ற இதே பாணி வாசகத்தைக் குறைந்தபட்சத் தண்டனை என்று 2017-ல் ராகேஷ் குமார் பால் வழக்கில் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மையாகப் பொருள் கொண்டது. அது ஜாமீன் வழக்கு. பி.என்.எஸ். (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்த புதிய சட்டம்) 109-ல் சாதாரணக் கொலை முயற்சிக்குப் பத்து ஆண்டு வரை சிறை. குறைந்தபட்சம் ஏழு என்று இல்லை. ஆகவே மாதிரி எடுத்ததே செல்லாது என்றும் ரிட்டில் சேருங்கள். முடிவான தீர்ப்பு என்று எண்ணாமல், கூடுதல் வாதமாக மட்டும்.

வெளிநாட்டு வேலைக்குக் கேட்கும் போலீஸ் சான்றில் டி.என்.ஏ. பதிவு வராது. எஃப்.ஐ.ஆரில் உங்கள் பெயர் இருப்பதுதான் இடைஞ்சல். அதற்கும் மேலே சொன்ன சான்றிட்ட நகலைக் காட்டுங்கள்.

தம்பி கைதாகவில்லை என்றால், வாய்மொழியாகக் கூப்பிட்டதற்கு ரத்தம் கொடுக்கத் தேவையில்லை. அதே அடையாளம் காணல் சட்டத்தின் 5-வது பிரிவில் மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். அதன் நகலைப் பணிவாகக் கேளுங்கள். உத்தரவு வந்த பின் மறுத்தால் தனி வழக்காகிவிடும். 'சம்மதித்துக் கொடுக்கிறேன்' என்று எழுதிய தாளில் மட்டும் கையெழுத்துப் போட வேண்டாம். அவர் ரத்தம் கொடுத்தால் பெற்றோரைப் பற்றியும் உங்களைப் பற்றியும் சேர்த்தே விவரம் போகிறது. வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் நாகர்கோவில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். சட்ட உதவிக்கான 15100 எண்ணிலும் கேட்கலாம்.