ஓசியில் எழுதும் கோட்

தலவாக்கலைப் பக்கமிருந்து ஓர் அம்மா கேட்டிருந்தார்: "உயர்தரம் எழுதிவிட்டு மகன் இரவிரவாகக் கொம்பியூட்டரோடு இருக்கிறான். யாருக்கோ ஓசியில் வேலை. அதையும் மூன்று தரம் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். இது எங்கே போய் முடியும்?"

அம்மா, ஓசி என்பது சரிதான், அரைச் சதம் கூட விழாது. தம்பி செய்வது ஓபன் சோர்ஸ் வேலை: யாரும் திறந்து பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருளுக்குக் கோட், அதாவது கணினி நிரல், எழுதுவது. ஆனால் அந்த மூன்று தரத்தையும் எனக்குக் காட்டுங்கள் என்று தம்பியிடம் கேட்டேன்.

முதலில் அனுப்பியது ஒரே ஃபங்ஷன், அதாவது ஒரே நிரல் துண்டு, 120 வரி. ஓடுகிறது, விடையும் சரி. ஆனால் திகதிக் கணக்கு ஒன்று மூன்று இடத்தில் அப்படியே ஒட்டப்பட்டிருக்கிறது. மாறிகளுக்குப் பெயர் டெம்ப், டெம்ப்2. அந்த மென்பொருள் குழுவில் அதைச் சரிபார்த்தவர் கேட்டிருக்கிறார்: "நாளைக்கு ஓர் இடத்தில் திருத்தினால் மற்ற இரண்டையும் யார் ஞாபகம் வைப்பது? பெப்ரவரி 29க்கும் சரியாக ஓடுமா என்று பார்க்கும் டெஸ்ட் எங்கே?" இரண்டாம் தரம் அழகாகப் பிரித்து, டெஸ்டும் எழுதியிருந்தார். கூடவே சம்பந்தமில்லாத நாலு கோப்புகளிலும் கை வைத்திருந்தார், திரும்பி வந்தது. மூன்றாம் தரம் கோட் சரி. ஆனால் மாற்றத்தோடு எழுதிவைக்கும் கமிட் குறிப்பில் 'ஃபிக்ஸ்' என்று ஒரே சொல். எதை, ஏன் மாற்றினீர்கள் என்று எழுதச் சொல்லிவிட்டார்கள்.

உங்களுக்குக் கவ்வாத்து தெரியும். வெட்டாமல் விட்ட தேயிலை சாகாது, மரமாகிப் போகும். அப்புறம் கொழுந்துக்குக் கை எட்டாது. பல பேர் கை வைக்கும் கோடும் அப்படித்தான். ஓபன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருளில் ஒரு நீளத்தைச் சரிபார்க்க விட்டுப்போன பிழை, இரண்டு வருடம் கிடந்து 2014இல்தான் வெளியே தெரிந்தது. உலகத்தின் பாதுகாப்பான இணையத்தளங்களில் பெரும்பகுதி அதை நம்பியிருந்தது. கண்டிப்புக்குக் காரணம் இதுதான்.

வகுப்பில் விடை வந்தால் புள்ளி கிடைத்துவிடும். இப்படி வரிவரியாகத் திருத்த எந்த ஆசிரியருக்கு நேரம்? வேலைக்கு நேர்முகம் போகும்போது அந்த மூன்று திருத்தத்தையும் திறந்து காட்டலாம். என்னைக் கேட்டால் சான்றிதழ்க் கட்டைவிட அது பேசும்.

காசுக்கும் வழி உண்டு. கூகுள் சம்மர் ஒஃப் கோட் என்ற திட்டம் 2005 முதல் நடக்கிறது, இதே ஓபன் சோர்ஸ் வேலைக்கு 18 வயது நிரம்பியவர்களுக்கு உதவித்தொகை தருகிறது. மொரட்டுவைப் பல்கலைக்கழகப் பிள்ளைகள் நிறையப் பேர் அதில் போயிருக்கிறார்கள். அதற்காகக் கெம்பஸ் விண்ணப்பத்தை விட்டுவிட வேண்டாம், இரண்டும் ஒன்றாகப் போகட்டும்.

இரவு பதினொன்றுக்கு லைட்டை அணைக்கச் சொல்லுங்கள். அதில் நான் உங்கள் பக்கம்தான்.