புதுக் கட்சிக்குப் போகிறேன் என்று நிற்கும் மகன்

அன்புள்ள அம்மா,

மூன்றாம் ஆண்டு அரசியல் படிப்பை விட்டுவிட்டு, பழைய கட்சியிலிருந்து பிரிந்து வந்தவர்களோடு முழுநேரமாகச் சேரப் போகிறேன் என்று மகன் ஒற்றைக்காலில் நிற்கிறான், இரவில் தூக்கமே வருவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். போன சனிக்கிழமை உங்கள் மகன், அந்தத் தம்பி, என்னைப் பார்க்க வந்தான். இரண்டு மணி நேரம் பேசினோம்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், பிள்ளை கெட்டுப்போகவில்லை. பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து விரித்தான். டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் அவன் ஏறி இறங்கிய வீடுகளைத் தெருவாரியாக எழுதி வைத்திருக்கிறான். எங்கே தண்ணீர் நின்றுபோனது, எந்தப் பாட்டிக்கு வாக்குச்சாவடி போக வண்டி வேண்டும் என்று எல்லாம் இருக்கிறது. முடிந்த வேலைக்குப் பச்சை மையில் ஒரு குறி. நகராட்சியிலும் கள ஆய்விலும் தொண்டு நிறுவனங்களிலும் சம்பளம் கொடுத்துத் தேடுகிற திறமை இது.

என் கவலை சம்பளத்தைப் பற்றியது. 2008-இல் லெகோட்டாவும் ஷிலோவாவும், அப்போது தென்னாப்பிரிக்காவை ஆண்ட ஏ.என்.சி. கட்சியை விட்டு வந்து 'கோப்' கட்சியைத் தொடங்கினார்கள். 2009 தேர்தலில் நாடாளுமன்றத்தில் 30 இடங்கள் கிடைத்தன. தலைமைச் சண்டை நீதிமன்றம் வரை போனது. 2014-இல் மிஞ்சியது 3. கட்சிகளுக்கு அரசு தரும் நிதி, நாடாளுமன்றத்திலோ மாகாண சட்டமன்றத்திலோ இடம் பிடித்தவர்களுக்குத்தான். தொகுதி அலுவலகப் பணமும் உறுப்பினர் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் வரும். இடம் போனால் அலுவலகத்தில் இருக்கும் பிள்ளைகளின் வேலையும் போகும். லெகோட்டா பாதுகாப்பு அமைச்சராகவும் ஷிலோவா கௌட்டெங் மாகாண முதல்வராகவும் இருந்துவிட்டு வந்தவர்கள். தம்பியிடம் இன்னும் டிகிரிகூட இல்லை.

எல்லாப் புதுக் கட்சியும் கரைந்துபோகும் என்று நான் சொல்லவில்லை. மலேமா தொடங்கிய ஈ.எஃப்.எஃப். கட்சிக்கு 2014-இல் 25 இடம், 2019-இல் 44. எம்.கே. கட்சிக்கு 2024-இல் முதல் தேர்தலிலேயே 58. தம்பி இதைத்தான் என்னிடம் அடுக்கினான். நான் அவனிடம் கேட்டது ஒன்றுதான்: ஈ.எஃப்.எஃப். தலைவராக நாடாளுமன்றத்தில் உட்கார்ந்த பிறகும் மலேமா யூனிசா என்ற அஞ்சல் வழிப் பல்கலைக்கழகத்தில் படித்து 2016-இல் பட்டம் வாங்கினாரே, எதற்கு? கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

அதனால் நவம்பர் தேர்வை எழுதி முடிக்கட்டும். அதுவரை சனி, ஞாயிறு கட்சி வேலைக்குப் போகட்டும், தடுக்காதீர்கள். தடுத்தால் உங்களுக்குத் தெரியாமல் போவான். தேர்வுக்குப் பிறகும் கட்சி கூப்பிட்டால், நியமனக் கடிதம் கேட்கச் சொல்லுங்கள். மாதச் சம்பளம் எவ்வளவு, கையெழுத்துப் போடுவது யார், வேலையிழப்புக் காப்பீடான யு.ஐ.எஃப். பிடிக்கிறார்களா என்று அதில் இருக்க வேண்டும். அந்தப் பிடித்தம் இருந்தால்தான் நாளைக்கு அலுவலகத்தை மூடினாலும் சில மாதம் கைக்கு ஏதாவது வரும். "பிறகு பார்த்துக்கொள்ளலாம் தம்பி" என்று பதில் வந்தால் தொண்டனாக மட்டும் இருக்கட்டும், வேலையை வேறிடத்தில் தேடலாம். மேற்படிப்பை யூனிசாவில் அஞ்சல் வழியிலும் தொடரலாம்.

வரும் ஞாயிறு மத்தியானம் சாப்பாடு ஆன பிறகு, திட்டாமல், அந்த நோட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள் அம்மா. வீட்டில் யாரும் அதை இன்னும் பார்க்கவில்லை என்றான்.