தயிர்க் கோப்பையில் 13 கிராம் சர்க்கரை: பாலுடையது எவ்வளவு, சேர்த்தது எவ்வளவு?

கேள்வி: பழச்சுவைத் தயிர் ஒன்றின் லேபிளில், 100 கிராமுக்குச் சர்க்கரை 13 கிராம் என்று போட்டிருக்கிறது. பாலிலேயே சர்க்கரை உண்டு என்கிறார்கள். அப்படியானால் இதில் சேர்த்தது எவ்வளவு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தேன் கலந்ததாகப் பார்த்து வாங்கினால் நல்லதா?

பதில்: தயிர் என்பதால் கணக்கு எளிது. அதே அலமாரியில் இருக்கும் வெறும் தயிரை எடுத்து அதன் லேபிளைப் பாருங்கள். 100 கிராமுக்கு 4 அல்லது 5 கிராம் சர்க்கரை இருக்கும். அது பாலில் இயல்பாகவே உள்ள லாக்டோஸ். அதற்காகக் கவலைப்பட வேண்டாம். 13இல் 5 போனால் மீதி 8. அதில் பழத்துண்டுகளின் பங்கு பெரும்பாலும் சொற்பம்தான். மற்றதெல்லாம் ஆலையில் சேர்த்தது. ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை ஏறத்தாழ 4 கிராம். ஆக, 100 கிராமில் இரண்டு தேக்கரண்டி. கோப்பையின் எடையையும் பார்த்துவிடுங்கள்: 150 கிராம் என்றால் மூன்று தேக்கரண்டி ஆகிவிடுகிறது.

எல்லாப் பொருளுக்கும் இப்படி ஒப்பிட வெறும் வடிவம் கிடைக்காது. அப்போது சேர்மானப் பட்டியல்தான் துணை. எடை அதிகமானது முதலில் வரும் என்பது விதி. ஆனால் குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், இன்வர்ட் சிரப், அடர் பழச்சாறு என்று இனிப்பைப் பல பெயர்களில் பிரித்துப் போட்டால், ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும். விதியை மீறாமலே வாங்குபவரின் கண்ணை மறைக்கும் இந்த வழக்கம் எனக்குக் கொஞ்சமும் ஏற்புடையதல்ல. எல்லாவற்றையும் சேர்த்தே எண்ணுங்கள். இனிப்பென்று நினைக்காத தக்காளி சாஸிலும் ஐந்தில் ஒரு பங்கு சர்க்கரை இருப்பது சாதாரணம்.

தேனில் ஏறக்குறைய 80 சதவீதம் சர்க்கரைதான். உலக சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதல் தேனையும் பழச்சாற்றையும் சேர்த்த சர்க்கரையோடு ஒரே கணக்கில்தான் வைக்கிறது. முழுப் பழத்தையும் பாலையும் அதில் சேர்க்கவில்லை. பழத்தை மென்று தின்னும்போது சர்க்கரை நார்ச்சத்தோடு மெதுவாக உள்ளே போகிறது. சாறாகப் பிழிந்தால் அந்தத் தடை போய்விடுகிறது. நாளுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு அந்த வழிகாட்டுதல் தரும் உச்சவரம்பு 50 கிராம். 25க்குள் நிறுத்தினால் இன்னும் நல்லது. உங்கள் கோப்பை 150 கிராம் என்றால், அந்த 25இல் கிட்டத்தட்டப் பாதியை அது ஒன்றே எடுத்துக்கொள்கிறது.

என்னைக் கேட்டால், வெறும் தயிரை வாங்கி, பழத்தை நீங்களே நறுக்கிப் போடுங்கள்.