துணி நர்சிங் பேட்: 'மூங்கில்' என்ற பெயருக்குக் காசு கொடுக்கலாமா?

கேள்வி: குழந்தை பிறந்து மூன்று வாரம் ஆகிறது. ஒரு பக்கம் பால் கொடுக்கும்போது மறுபக்கம் ஒழுகி உடை நனைந்துவிடுகிறது. பாலை உறிஞ்ச உள்ளாடைக்குள் வைத்துவிட்டுத் தூக்கிப் போடும் பேட் வாங்கி மாளவில்லை. துவைத்துப் பயன்படுத்தும் துணி பேட் வாங்கலாம் என்றால் 'மூங்கில் துணி', 'சொட்டுக்கூட வெளியே வராது' என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். தோழி வாங்கியதோ ஒரே மாதத்தில் பாலை உறிஞ்சுவதையே நிறுத்திவிட்டதாம். எதை வாங்குவது? எத்தனை வேண்டும்?

பதில்: தாராளமாக வாங்குங்கள். அட்டைப்பெட்டியில் இருக்கும் பெயரை விட்டுவிட்டு, பேட்டின் அடுக்குகளைப் பாருங்கள்.

தோலில் படுவது ஒன்று, நடுவில் உறிஞ்சுவது ஒன்று. சிலவற்றில் வெளிப்பக்கம் கசிவைத் தடுக்கும் மூன்றாவது அடுக்கும் இருக்கும். இது பெரும்பாலும் பி.யு.எல்., அதாவது பாலியூரித்தேன் படலம் ஒட்டிய பாலியஸ்டர் துணி. வெளியே போகும்போதும் இரவிலும் இது கைகொடுக்கும். ஆனால் பேட் நனைந்தது தெரியாது, காற்றோட்டமும் குறைவு. ஈரம் மணிக்கணக்கில் காம்பிலேயே இருந்தால் தோல் ஊறிப் புண்ணாகும். அதனால் வீட்டில் இருக்கும்போது வெறும் பருத்தி பேட்தான் என் தேர்வு. நனைந்தால் உடனே தெரிந்துவிடும், மாற்றிவிடலாம்.

மூங்கில் துணி மென்மையானதுதான், நன்றாகவும் உறிஞ்சும். ஆனால் அந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் மூங்கில் கூழை ரசாயனத்தில் கரைத்து இழையாக்கிய விஸ்கோஸ். 'இயற்கையாகவே கிருமியைக் கொல்லும்' என்ற வாசகத்துக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். பஞ்சுபோல் மென்மையான பருத்தித் துணியான ஃபிளானல் அதே வேலையைச் செய்யும்.

தையலையும் கவனியுங்கள். கிண்ணம்போல் வளைவதற்காக மடித்துத் தைத்திருப்பார்கள். அந்தத் தையல் சரியாக நடுவில் வந்து முடிந்தால், புண்ணான காம்பில் உரசி உயிரை எடுக்கும்.

எண்ணிக்கை என்றால், முதலில் இரண்டு மூன்று ஜோடி வாங்கிப் பாருங்கள். பலருக்கு ஆறேழு வாரங்களில் பால் சுரப்பு குழந்தையின் தேவைக்கு ஏற்றபடி அமைந்து, ஒழுகுவதும் குறைந்துவிடும். பிடித்திருந்தால் அப்புறம் கணக்குப் போடலாம்: நாளைக்கு நான்கு ஜோடி மாற்றுகிறீர்கள், துவைத்துக் காய ஒரு நாள் ஆகிறது என்றால் எட்டு ஜோடி போதும்.

புது பேட் சரியாக உறிஞ்சவில்லை என்று பதற வேண்டாம், மூன்று நான்கு முறை துவைத்த பிறகுதான் இழை நன்றாக இளகும். பயன்படுத்தியதைக் குளிர்ந்த நீரில் அலசிவிட்டு, பிறகு சோப்புப் போடுங்கள். எடுத்தவுடன் வெந்நீர் ஊற்றினால் பாலின் புரதம் துணியில் படிந்து கறையாகும். பி.யு.எல். உள்ளதற்கு பிளீச்சும் இஸ்திரியும் கூடாது. காம்பில் எரிச்சலோடு குத்தும் வலி, குழந்தையின் வாயில் வெள்ளைப் படலம் இரண்டும் சேர்ந்து இருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். மருத்துவரைப் பாருங்கள். அது சரியாகும் வரை தூக்கிப் போடும் பேட்டே நல்லது.

சரி, தோழியின் பேட்டுக்கு என்ன ஆயிற்று? துணி மென்மையாக்கும் கண்டிஷனரோ, காம்புக்குத் தடவும் லனோலின் களிம்போ இழைமேல் படிந்திருக்க வேண்டும். கண்டிஷனர் இல்லாமல், பேட் தாங்கும் சூட்டில் சோப்புப் போட்டுத் துவைத்து, நுரை போகும் வரை இரண்டு மூன்று தடவை அலசச் சொல்லுங்கள். காய்ந்ததும் உள்பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்கட்டும். முத்துப்போல் நிற்காமல் உள்ளே இறங்கினால், புதிதாக வாங்கத் தேவையில்லை.